சல்பியில் காலி முகாம்

தலாசோவுக்கு,

மார்சபிட் நகரத்திலிருந்து லாரியில் வந்து, சல்பி உப்புவெளியை இரண்டு நாள் நடந்து கடந்தேன். உன் அப்பாவின் முகாம் இருந்த இடத்தில் அடுப்புக் கற்கள் மட்டுமே கிடந்தன.

கிணற்றடியில் உன் அத்தை ஒட்டகங்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். "நேத்துதான் மழை பெஞ்ச பக்கம் கிளம்பினாங்க மாப்ளே. பொண்டாட்டியைத் தேடி வர ஆறு மாசமா ஆச்சு உனக்கு?" என்று சிரித்தாள். அன்று கோபத்தில் நான் உன்னை அப்பாவிடமே போகச் சொன்னதை நீ அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

"உன் பொண்ணு இப்ப நடக்கிறா, தெரியுமா?" என்றாள்.

முகாமுக்குத் திரும்பி ஓடினேன். அடுப்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் காலடிகள் இருந்தன. காற்று கிளம்பியதும் என் மேல்துண்டை விரித்து, ஒன்றை மட்டும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தையின் கணவர் ஒட்டகத்தில் முன்னால் வருகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் பின்னால் நடந்து வருகிறேன். அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடாமல், ஒரு நாள் மட்டும் அங்கேயே இருங்கள்.

உன் மகளின் அப்பா