வெந்நீரூற்றுப் பலகாரம்

மே 12, செவ்வாய்

மூன்றாவது முறையாகச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தொகுதியை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வெளியூர் போனால் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. இன்றும் எட்டுப் பெட்டி பயற்றுப் பலகாரம் கொடுத்தேன், உள்ளே இனிப்புப் பயறு வைத்தது. அலுவலகம், மீனவர் சங்கம், உள்ளூர்ப் பத்திரிகை, கடைசியில் வீடு. மனைவி ஃபுமியே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடித்திருக்கிறது போல.

மே 13

பிடிக்கவில்லை.

"டோக்கியோவுல மீன்வளக் கூட்டம்னுதானே போனீங்க? மூடியில ஏதோ வெந்நீரூற்று ஊர் பேரு போட்டிருக்கே?"

பாட்டு வகுப்புத் தோழி மிச்சியோவோடு அந்த ஊரில் இரண்டு நாள் இருந்ததற்கு நானே எட்டு இடத்தில் சாட்சி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று பத்திரிகைக்காரனிடம். கை பழக்கத்தில் செய்துவிட்டது — எந்த மடையன் செய்வான் இப்படி?

மே 19

முதல் பக்கம். என் படம் சின்னது, பலகாரப் பெட்டியின் படம் பெரியது. ஃபுமியே பக்கத்து ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மே 21

ராஜினாமா. என் செயலாளர் ஒனோதெரா காலையிலேயே ஒத்திகை பார்க்கச் சொன்னார். "பத்து வினாடி குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும் ஐயா. அஞ்சுல நிமிர்ந்தா திமிருன்னு எழுதுவாங்க."

குனிந்த இடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. அரை நிமிடம் நிமிர முடியவில்லை. மனமுருகிய மன்னிப்பு என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

ஜூன் 2

ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டாயிற்று. மீனவர் சங்கத்தில் தேநீர்கூடக் கொடுத்தார்கள். ஃபுமியேதான் பாக்கி. இருப்பதிலேயே உயர்ந்த பயற்றுப் பலகாரத்தோடு போனேன். மச்சான் ஷிகெயாக்கி வாசலிலேயே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாங்கிறா மாப்பிள்ளை. நானும் தொட முடியாது, சர்க்கரை."

ஜூன் 9

மறுபடி போனேன். மறுபடி திரும்பியது. நான் வடித்தால் சோறு குழைகிறது, அதனால் பலகாரத்தையே தின்றுகொண்டிருக்கிறேன். தேர்தலில் தோற்றிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவள் வராமலே போய்விட்டால்?

ஜூன் 11

ஒனோதெரா தன் சாமான்களை எடுக்க வந்தார். இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ஃபுமியே அம்மாவுக்குப் பயறே ஆகாது ஐயா. நீங்க கொண்டாந்ததையெல்லாம் இத்தனை வருஷமா எனக்குத்தான் கொடுப்பாங்க. சக்கரவள்ளிக் கிழங்கு வெச்சதுன்னா அவங்களுக்கு உசிரு."

எந்தச் சங்கத் தலைவருக்கு என்ன பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 16

கிழங்கு வைத்தது, ரயிலடிக் கடையில் வாங்கியது, பெட்டியில் பன்னிரண்டு. மச்சான் உள்ளே கொண்டுபோனார். வாசலில் வெகு நேரம் நின்றேன். பெட்டி திரும்பி வந்தது.

"வேணாம்னு சொல்லச் சொன்னா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

குனிந்து வணங்கிவிட்டு வந்தேன். ரயிலில் பிரித்துப் பார்த்தேன். பதினொன்றுதான் இருந்தது.

மச்சானுக்குச் சர்க்கரையாயிற்றே.