என் படம் ஒட்டிய ஃபைல்

அன்பு மகன் நந்தகுமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், மெல்போர்னில் நீயும் மருமகள் இலக்கியாவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. உன் அண்ணன் மகள் இனியாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, நம் வளவு வீடுகளில் அந்தப் படிப்புக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். அவள் தம்பி தனுஷ் கபடியில் வாங்கிய கோப்பையைத் தீவன மூட்டை மேல் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். இலக்கியா அங்கே கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்ததை நான் சேலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொல்லிவிட்டேன், அவள் யாரென்றே எனக்குத் தெரியாது.

இனி நீ கேட்ட விஷயம். போனில் சொன்னால் நடுவில் மறித்துப் பேசுவாய், அதனால் எழுதுகிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டி மனைக்கு அட்வான்ஸ் குறைகிறது, நான் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வைத்திருப்பதை எடுத்துக் கொடு என்றாய். கொடுக்கமாட்டேன் சாமி. உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று நமக்கு உழுகிற காடு இருந்தது, ஆஸ்பத்திரியில் கட்டப் பணம் இல்லை. காட்டில் ஓரடி வெட்டிக் கவுண்டரில் நீட்ட முடியுமா? மேட்டுக்காட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தோம், கையெழுத்துப் போட்ட எனக்கு அது மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கோழிப்பண்ணையிலிருந்து வரும் வாடகையைத் தேவைக்கு ஒன்றாகப் பிரித்து ஃபண்டில் போட்டு, ஒவ்வொன்றின் காகிதத்துக்கும் ஒரு ஃபைல் வைக்க ஆரம்பித்தேன். எந்த ஃபைல் யாருக்கோ அவர் படத்தை அதன் அட்டையில் ஒட்டினேன், எடுக்க வரும் கை அந்த முகத்தைப் பார்த்துக் கூசட்டும் என்று. இனியாவின் பணத்தைப் போன வருஷமே ஃபண்டிலிருந்து எடுத்து பேங்க் டெபாசிட்டில் போட்டேன், ஏறுகிற நேரத்தில் எடுக்கிறாயே என்று உன் அண்ணன் சண்டைக்கு வந்தான். ஃபீஸ் கட்டும் நாளில் மார்க்கெட் விழுந்து கிடந்தால் காலேஜ்காரன் பொறுப்பானா? தனுஷுக்கு இன்னும் காலம் இருக்கிறது, அவனுடையது ஏறட்டும் இறங்கட்டும் என்று தொடாமல் விட்டிருக்கிறேன். குஞ்சுக்கு ஒரு தீவனம், முட்டைக்கோழிக்கு ஒரு தீவனம் என்று பார்த்துப் போட்ட கை இது.

மூன்றாவது ஃபைலில் என் படம் இருக்கிறது. நீ அனுப்பிய புரோக்கர் சண்முகவேல் டீயைக் குடித்துவிட்டு, ஏனுங்க ஆத்தா, இந்த வயசுல உங்களுக்குன்னு என்னங்க வேணும், எல்லாம் பிள்ளைங்களுக்குத்தானுங்களே என்றான். எனக்கு ரெண்டு முழங்கால் வேணும் சாமி, நீங்க விக்கிற மனையில நடந்து பாக்கவாச்சும் வேணுமல்ல என்றேன். உன் அண்ணி சித்ரா சிரிப்பை அடக்க முடியாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆபரேஷனுக்கு நான் அனுப்புகிறேனே என்று நீ சொன்னாய். அனுப்புவாய், தெரியும். ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு, பணம் வந்ததா வந்ததா என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். தை மாதம் தேதி வாங்கிவிட்டேன், முதலில் வலது கால். என் படத்தை அந்த அட்டையிலிருந்து யாரும் உரிக்க முடியாது.

கோபித்துக்கொள்ளாதே. மனை வாங்கு, பொறுத்து உன் சம்பளத்தில் வாங்கு, இலக்கியாவின் நகையை மட்டும் அடகு வைக்காதே. இன்னொன்று, ஆட்டையாம்பட்டி தபாலாபீஸில் உன் பெயரைச் சொல்லி மாதாமாதம் ஒரு தொகை கட்டி வருகிறேன். எனக்கு ஒன்று என்றால் நீ டிக்கெட்டுக்குக் கடன் வாங்கக் கூடாது, கிளம்பி வர வேண்டும், அவ்வளவுதான். மனைக்கு என்று கேட்டால் அதையும் தரமாட்டேன். குலசாமி உங்கள் இருவரையும் கண்போலக் காக்கட்டும். அந்தத் தபாலாபீஸ் கணக்குக்கும் ஒரு ஃபைல் போட்டிருக்கிறேன், அதில் ஒட்ட உன் படம் இல்லை, வீட்டில் இருப்பது பத்தாவது ஹால்டிக்கெட்டுக்கு எடுத்த மீசை முளைக்காத முகம். கூலிங்கிளாஸ் போடாமல் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
வே. கண்ணாத்தாள்