எடுத்துக் கொடுக்காத வரி

இன்று காலை குளியலறை அலமாரியில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து கிடந்தது. தை மாதத்துத் தில்லியில் இது தினப்படி நடப்பதுதான். பாட்டிலைக் கொண்டுபோய்ப் பால்கனி வெயிலில் வைத்தேன். மயூர் விஹாரில் எங்கள் பால்கனிக்கு வெயில் எட்டிப் பார்க்கவே பத்தரை மணியாகும். பாதி இளகிப் பாதி வெள்ளையாக நின்றபோது மூடியைத் திறந்தேன். உன் நினைப்பு வந்துவிட்டது.

நாடகம் முடிந்ததும் முகப்பூச்சைத் துடைக்க நமக்கு அந்த எண்ணெய்தான். குளிர்காலத்தில் ஹீட்டர் முன்னால் பாட்டிலைக் காட்டி இளக வைப்பது என் வேலை. முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உன் வேலை. பஞ்சில் எண்ணெய் தொட்டு உன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, கதவுக்கு வெளியே உன்னைப் பார்க்க நிற்கிறவர்களின் குரலை எண்ணிக்கொண்டிருப்பேன். ஐந்து பேர், ஆறு பேர், ஏழு பேர்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி எல்லோரும் நல்லபடியாக எழுதிவிட்டார்கள். நான்தான் பாக்கி. எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருந்தது என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறது.

உனக்குத் தமிழ் படிக்க வராது. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து, இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்து, உன் அம்மாவின் கும்பகோணத்துத் தமிழைக் காதால் மட்டும் பிடித்துக்கொண்டவள் நீ. நான் திருநெல்வேலியிலிருந்து பரீட்சை எழுதி, இருபத்து மூன்று வயதில் மத்திய அரசு குமாஸ்தாவாக இங்கே வந்து இறங்கினேன். பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகளே பெட்டியில் பாதி இடத்தை அடைத்திருந்தன. ஆபீஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய நம் தமிழ் நாடகக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டபோது, கதாநாயகி நானாகத்தான் இருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன். ஒரே மாதத்தில் கையில் நோட்டையும் டார்ச்சையும் கொடுத்து, இடது பக்கத் திரைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேடையில் யாராவது வரியை மறந்தால் எடுத்துக் கொடுக்கும் வேலை.

அதோடு இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நாடகத்துக்கும் உன் வசனம் முழுவதையும் இந்தி எழுத்தில் எழுதித் தர வேண்டும். ஆபீஸ் இடைவேளையில் உட்கார்ந்து எழுதுவேன். நீ தாமதமாக வந்து, கையில் சமோசாவோடு நிற்பாய்.

"அச்சா, ஜல்தி காட்டு. இந்த வரி எப்படிச் சொல்லணும்? ஒரு தடவை சொல்லிக் காட்டேன்."

"ஏட்டி, கையத் தொடச்சுட்டு நோட்டத் தொடு. சொல்லுதேன், கேளு."

நான் சொல்லிக் காட்டுவேன். திருத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு. நீ ஒருமுறை கேட்டுவிட்டு, அதை அப்படியே சொல்லாமல் வேறு எப்படியோ சொல்வாய். அதுதான் நன்றாக இருக்கும். கடைசியில் முன்வரிசை மாமாக்கள் உள்ளே வந்து, "என்ன தமிழ்ம்மா உனக்கு, காதுல தேன் பாயறது" என்று உன்னிடம் உருகுவார்கள். என் வயிறு எரியும். எண்ணெய்ப் பஞ்சோடு சிரித்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம் அந்தப் பயிற்சிப் பட்டறை. மண்டி ஹவுஸ் பக்கம் ஓர் இந்தி நாடக இயக்குநர் பத்து நாள் நடத்தினார். முடிவில் ஒருவரைத் தன் அடுத்த நாடகத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆபீஸில் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். ஓடும் பஸ்ஸில் நிற்பது போல நடக்கச் சொன்னார். இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன நாற்காலியைப் பார்ப்பது போலப் பார்க்கச் சொன்னார். நான் ராத்திரியெல்லாம் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து செய்தேன். நீ நாற்காலியைப் பார்த்தாய், சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே போய் அதில் கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாய். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

பத்தாம் நாள் உன் பெயரைச் சொன்னார். என்னிடம், "உங்கள் குரல் எப்போதும் புத்தகம் படிக்கிறது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நீ என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும், "டீ குடிக்கலாமா?" என்று கேட்டாய். வேறு எதுவும் சொல்லவில்லை. நீ ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கும் கோபப்பட்டிருப்பேன் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு, ஒரு வார்த்தை கூடவா வராது என்றுதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து நம் குழுவின் நாடகம். இறந்துபோன ப்யூனின் மனைவி, கணவனின் வேலையைத் தனக்குக் கேட்டு ஆபீஸுக்கு வருகிறாள். நீதான் அவள். கணவன் குடித்துவிட்டு அவளைப் படுத்திய பாடு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். கடைசிக் காட்சியில் அதிகாரி, "உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு ரெண்டு வரி சொல்லுங்கம்மா, ஃபைல்ல எழுதணும்" என்பார். நீ உடனே, "நல்லவர்னு எழுதிக்குங்க சார்" என்று சொல்ல வேண்டும். எழுதியவரே அதைச் சிரிப்பு வரி என்றுதான் சொல்லியிருந்தார். ஒத்திகையில் எல்லோரும் சிரித்தார்கள்.

நமக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. வரி மறந்துபோனால் வலது கை வளையலை ஒருமுறை மேலே தள்ளுவாய். நான் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் மெல்ல எடுத்துக் கொடுப்பேன். குழுவில் எல்லோருக்கும் ஒவ்வொரு அடையாளம் இருந்தது. ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தொடுவார், ஒருவர் தொண்டையைச் செருமுவார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த நாற்காலியின் பிழைப்பு.

அன்றைக்கு அதிகாரி கேட்டு முடித்தார். நீ வளையலைத் தள்ளினாய்.

நான் பார்த்தேன். வேறு எங்கோ கவனமாக இருந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். டார்ச் வெளிச்சம் அந்த வரியின் மேலேயே இருந்தது, என் கையெழுத்தில், இந்தி எழுத்தில். வாயை மூடிக்கொண்டேன். நீ இரண்டாவது தடவை வளையலைத் தள்ளினாய். நீ தவிப்பதை ஒருமுறை, ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதற்கு மேல் அதில் ஒரு காரணமும் இல்லை.

அரங்கத்தில் யாரோ இருமினார்கள். அதிகாரியாக நடித்தவர் பயந்துபோய்ப் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். நீ அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். இருமல் நின்றுவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், அரங்கத்தில் ஒரு நாற்காலி கூடச் சத்தம் போடவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது உனக்கு வரி வந்தது.

"நல்லவர்னு எழுதிக்குங்க சார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் விசும்பினாள். பிறகு கேட்ட கைதட்டலை அந்த மேடையில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. இந்தி இயக்குநரும் வந்திருந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாத மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஏறி வந்தார். உன்னைக் கவிழ்க்கப் பார்த்தேன், தூக்கி உச்சாணிக் கொம்பில் உட்கார வைத்துவிட்டேன்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தாய். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "நீ பக்கத்துல இருந்தே இல்ல, அதான் பயமில்ல" என்றாய்.

தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா? அந்தக் கேள்வியோடு நான் எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்று உனக்குத் தெரியாது. அந்த மௌனத்தை அதற்குப் பிறகு அந்த நாடகத்தைப் போட்ட ஒவ்வொரு தடவையும் நீ வைத்துக்கொண்டாய். இந்தி மேடைக்குப் போனாய், பத்திரிகைகள் அந்த மௌனத்தைப் பற்றி எழுதின, நீயே பட்டறை நடத்த ஆரம்பித்தாய். தமிழ் நாடகம் என்று வந்தால் மட்டும், "அவ அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் நான் பண்ணுவேன்" என்று அடம் பிடித்தாய். அதை விசுவாசம் என்றார்கள். தண்டனை என்று நினைத்துக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன். அப்புறம் ஒருமுறை கூட வளையலை நீ தள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் இதைச் சொல்லத்தான் வந்தேன். மூன்றாம் தடவை, "ஒன்னு சொல்லணும்ட்டி" என்று ஆரம்பித்தும்விட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டே, "நாலு மணி ஆச்சு. போ, அப்புறம் மெட்ரோல நிக்க இடம் கிடைக்காது" என்றாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாணவர்கள் உன் நினைவாக ஒரு நாள் பட்டறை வைத்திருந்தார்கள். நடத்தியது முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி ஆராய்ச்சி படிக்கும் ஒரு மதுரைப் பெண். உன்னிடம் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவள். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து, அதிகாரி கேள்வி கேட்டதும் உன்னைப் போல மௌனமாக இருந்து, பிறகு அந்த வரியைச் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாத பிள்ளைகளும் சொன்னார்கள். செத்த பிறகும் உனக்கு இத்தனை வாய்களா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன். நான் மன்னிப்புக் கேட்க எழுந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த மௌனம் உன் மேதைமை இல்லை, வெறும் மறதி, அதில் பாதி என்னுடையது என்று பங்கு கேட்கத்தான் எழுந்தேன்.

"அவ அன்னைக்கு வரிய மறந்துட்டா. கேட்டா. நாந்தான் எடுத்துக் குடுக்கல" என்றேன். ஓர் அதிர்ச்சியை எதிர்பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

"அது நீங்கதானா ஆன்ட்டி? மேடம் ஒவ்வொரு பட்டறையிலயும் மொத நாளே சொல்லிருவாங்க. பேரு மட்டும் சொல்ல மாட்டாங்க."

"என்ன சொல்லுவா?"

"ரெண்டு தடவ கேட்டும் என் ஃப்ரெண்ட் குடுக்கல, நீயே தேடிக்கன்னு என்னைய நம்பி விட்டவ அவ, எனக்கு நடிப்பு வந்தது அந்த நிமிஷத்துலதான்னு சொல்லுவாங்க."

அவள் இந்தியிலும் அதைச் சொன்னாள். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குக் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் ஓர் அரங்கம் முழுவதும் எனக்கென்று தட்டியது அது ஒன்றுதான். இல்லை, அப்படி இல்லை, நீங்கள் நினைப்பது போல இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். வரி கூட நாக்கு நுனியில் இருந்தது. தட்டி முடிக்கும்வரை நின்றேன். கையைக் கூப்பினேன். உட்கார்ந்தேன்.

நீ அப்படித்தான் நம்பினாயா? அல்லது தெரிந்துகொண்டே, என் கேவலத்துக்கு ஒரு நல்ல புடவை கட்டி ஊருக்கெல்லாம் காட்டினாயா? எதுவாக இருந்தாலும் நீ ஜெயித்துவிட்டாய். நம்பினாய் என்றால் என்னைவிட நல்லவள். தெரிந்து செய்தாய் என்றால் என்னைவிட நல்ல நடிகை. என் தப்பைச் சொல்லிக்கூட நீதான் கைதட்டல் வாங்கியிருக்கிறாய், எனக்கும் அதில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், "எப்படி இருந்துச்சு?"

"எனக்குக் கை தட்டினாங்க."

"உனக்கா? எதுக்கு?"

அவளைத்தான் கேட்கணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. திருப்பிக் கொடுக்க நீ இல்லை. வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும், உன்னிடம் சொல்வதற்கு என்ன, கேட்க நன்றாகத்தான் இருந்தது.