அந்தோணியின் முழங்கால்

9 அக்டோபர் 1979, செவ்வாய்

உடம்பு அசந்து கிடக்கிறது. மனசு அடங்கவில்லை.

ஜப்பானில் நடக்கப்போகும் ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிப் போட்டிக்கு, இந்திய அணிக்கு ஆள் எடுக்க, காலையில் தேர்வாளர் திருவெறும்பூர் மைதானத்துக்கு வந்திருந்தார். எங்கள் பேக்டரி கூடைப்பந்து அணியிலிருந்து ஒருவருக்குத்தான் இடம். அது அந்தோணிக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவனுக்கு அடுத்தபடி நான். பத்து வருஷமாக ஒன்றாக ஆடுகிறோம். மூன்று மாதமாக அவனுடைய வலது முழங்கால் சரியில்லை. அது எனக்கும் அவன் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தோணி காலை இழுக்கிற மாதிரி இருக்கே. மறைக்காம சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

மத்தியானம் என் பெயரை அறிவித்தார்கள்.

பஸ் ஸ்டாப் வரை அந்தோணி கூடவே வந்தான். அங்கே நின்றதும், "என் முட்டியைப் பத்தி அவர்கிட்ட யாருடா சொல்லியிருப்பாங்க, சம்பத்து?" என்று கேட்டான்.

"தெரியலையேடா" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. ஏறப்போன என் தோளைத் தட்டி, "எவனோ போறதுக்கு நீ போறே. நல்லா ஆடிட்டு வா" என்றான்.

வீட்டில் பாயசம் வைத்திருந்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

அணிக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா? இன்னும் பிடிபடவில்லை. நாளைக் காலை ஷிப்டில் அவன் பக்கத்து மெஷினில் நிற்பான். மறுபடியும் கேட்க மாட்டான். நானாகத்தான் சொல்ல வேண்டும்.