தெருப் பக்கத்துச் சுவர்

என் அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி, அம்மாவோட இருமல் எப்படி இருக்குன்னு எழுது. போன்ல சொன்னா சண்டையில முடியும், அதான் கடிதம்.

நேத்து இங்க ஒரு வீட்டுல சமையலறையைப் பெருசாக்கிக் கட்டுற வேலை. வீட்டுக்காரம்மா அடுப்பு வரப்போற இடத்துல நின்னு பார்த்து, "இங்க ஜன்னல் வேணும்"னு சாக்பீஸால கோடு போட்டாங்க. யாரும் மறுபேச்சு பேசல. சுவரை உடைச்சவன் நான்தான். ஒரு கல் கால்ல விழுந்துச்சு. நகம் மட்டும்தான் போச்சு, பயப்படாதே.

நம்ம வீடு கட்டும்போது நீயும் அடுப்படியில, தெருப் பக்கத்துச் சுவர்ல இதே மாதிரி கோடு போட்டே. நான்தான் வீடியோவுல பார்த்துட்டு, அங்க அலமாரி போதும்னு கொத்தனாரை விட்டு அந்தக் கோட்டை அழிக்க வச்சேன். பத்து வருஷமா சுவர் கட்டுறவன்ங்கிற திமிர். போன ஞாயித்துக்கிழமை பட்டப்பகல்ல உன் அடுப்படியில லைட் எரியறதை வீடியோவுல பார்த்தேன்.

அலமாரியை இடிக்கச் சொல்லு. உயரத்தை என்கிட்ட கேட்காதே, நீயே நின்னு கோடு போடு.

ஜன்னல் எதுக்குன்னு அப்பக் கேட்டதுக்கு, "நீங்க தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரியணும்"னு சொன்னே. "வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் எதைப் பார்ப்பே?"ன்னு சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.

ஜன்னல் வந்ததும் அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வெறும் தெருவா இருந்தாலும் பரவாயில்ல.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு.

உன் வீட்டுக்காரன்