தென்னை உச்சியில் கண்ட பிறை

பக்கத்து வீட்டுப் பெண் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். வெந்தயமும் இஞ்சியும் கலந்த அந்த வாசனையில், நீ இறந்துபோனதே எனக்கு ஒரு நிமிடம் மறந்துவிட்டது. 'ஆறிரும், குடி மாப்ள' என்று சொல்வாய் என உட்கார்ந்திருந்தேன்.

மணமேல்குடிப் பக்கம் நம் இரண்டு தோப்புக்கும் ஒரே வேலி. ஒரு ரமலானில் உன் தம்பி பினாங்குக் கடை வேலைக்குக் கிளம்பினான். இருபத்தொன்பதாம் நோன்புக்கு மறுநாள் காலை பஸ். பிறகு நாகப்பட்டினத்தில் கப்பல். இருபத்தொன்பதாம் நோன்பு மாலையே பிறை தெரிந்துவிட்டால் விடிந்தால் பெருநாள். அவன் தொழுதுவிட்டு, உம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. வானமோ ஒரே மூடாக்கு.

காய் பறித்து முடித்து மரத்திலிருந்து இறங்கப் போனேன். மேகம் சற்று விலகியது. மேற்கே நூலாகப் பிறை. நான் கத்தியதும், நோன்பு திறந்த வாயோடு நீயும் தம்பியும் ஓடிவந்தீர்கள். நீ வேட்டியை மடித்துக் கட்டிப் பாதி மரம் ஏறுவதற்குள் மேகம் மூடிவிட்டது. ஏறத் தெரியாதவன் ஏறியதில் நெஞ்செல்லாம் சிராய்ப்பு.

பெருநாள் பிறைக்கு முஸ்லிம்கள் இருவர் சாட்சி வேண்டும். முஸ்லிம் அல்லாத என் கண் செல்லாது.

"மாமாதான் பாத்துட்டாங்கள்ல. நாம ரெண்டு பேரும் பாத்தோம்னு சொல்லிருவோம்ணே" என்றான் தம்பி, என்னைக் காட்டி. வேலியோரம் உம்மாவும், "சொல்லிருங்கப்பா" என்றார்.

நீ உம்மாவைப் பார்க்காமலே சொன்னாய்: "மாப்ள பாத்தது நெசம். நான் பாக்கலயேம்மா. ஊரு நோன்ப என் பொய்யால எப்படி முறிக்கிறது?"

பயணத்தில் நோன்பை விடலாம் என்று பள்ளிவாசல் அசரத்து சொல்லியும் தம்பி நோன்போடுதான் பஸ் ஏறினான். என் கணக்குக்கு அன்று பெருநாள். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாலையில் உன்னோடு உட்கார்ந்து கஞ்சிதான் குடித்தேன்.

அவன் திரும்பி வருவதற்குள் உம்மா போய்விட்டார். "சொல்லிருக்கலாமோ மாப்ள?" என்று ஒருநாள் கேட்டாய். சொல்லியிருக்கக் கூடாது என்று நான் அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். நீ பொய் சொல்லமாட்டாய் என்ற தைரியத்தில்தானே நான் இத்தனை காலம் உன்னோடு வாழ்ந்தேன்.

இப்போதும் ரமலான் கடைசியில் மேற்கே பார்க்கிறேன். சில வருஷம் ஊருக்கு முன்பே பிறை எனக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்வதில்லை. நான் பார்த்தேன் என்றதும் நம்பி மரம் ஏற, கீழே நீ இல்லை.