மணலில் எழுதிய ஊர்

ஆனால் அந்த எழுத்து அங்கே எப்படி வந்தது என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும், என் செல்ல மகளே பர்வீன். நீ மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து ஒன்பது நாளாகிறது. பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டால், மௌத்தானவர்கள் திரும்பி வருவதில்லை, யாசீன் ஓதுங்கள் என்பார். ஓதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வாடி நானா என்று நாம் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மனிதரின் விஷயம்தான். அவருடைய சொந்தப் பெயரை இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். அது நீ அவருக்குக் கொடுத்த வாக்கு. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பள்ளிவாசல்துறைக் கரையில், யாரும் புழங்காத மீன்வாடிக் குடிசை ஒன்றில் படுத்துக்கிடந்த மனிதர் அவர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவர். பிறகு மனம் குழம்பி, முகாமில் இருந்த சொந்தங்களை விட்டு நடந்துவிட்டவர். பெயரை எழுதி எடுத்தால் மறுபடியும் எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள் என்று பயம். பேனையைக் கண்டாலே எழும்பி ஓடுவார்.

வீடில்லாமல், மனம் சரியில்லாமல் இருக்கிறவர்களைத் தேடிப் போய் மருந்து, கிளினிக், தங்க ஓர் இடம் என்று பார்ப்பது உன் உத்தியோகம். எல்லாருக்கும் உன்னிடம் ஒரு பைல் இருந்தது. இவருக்கு ஒரு கிளினிக் அட்டை மட்டும்தான், மற்றதெல்லாம் மணலில். ஈர மணலில் குச்சியால் எழுதுவாய். கீழே இரண்டு கோடு இழுப்பாய். சத்தமாக வாசித்துக் காட்டுவாய். அவர் காலால் அழித்துவிட்டுச் சிரிப்பார்.

"என்னடி புள்ள, கடலுக்கா ரிப்போட் எழுதுற?" என்று நான் கேலி செய்தேன்.

"அழிச்சாத்தான் சாச்சி, அவர் அடுத்தத செல்லுவார்" என்றாய்.

உனக்கு டெங்குக் காய்ச்சல் பிடிப்பதற்கு முந்திய பகல், நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து, "சாச்சி, நானாட தங்கச்சி எங்க இரிக்கா எண்டு கண்டுபிடிச்சிட்டன்" என்றாய். நான் என்ன செய்தேன்? அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கலியாணப் புரியாணிக்கு உப்புப் போதாமல் போன கதையை எடுத்தேன். அந்தக் கதை முடிவதற்குள் நீ எழும்பிப் போய்விட்டாய். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, மகள். அடுத்த கிழமை நீ மௌத்தாகி, கடைசியாக உன்னைக் குளிப்பாட்டும்போதும் என் மனதில் அதுதான் ஓடியது.

உன் இடத்துக்கு வந்த நிரோஷா மிஸ் சிலாபத்துச் சிங்களப் பிள்ளை. நல்லவள்தான். "ஆன்டி, சொந்தக்காரர் ஒராள் பொறுப்பெடுத்து சைன் வெச்சா மட்டும் இங்க வெச்சிப் பாக்க ஏலும். இல்லாட்டி மாசக் கடைசில வாகனம் வரும். தூரத்து ஹோமுக்குத்தான்" என்றாள். அந்த மனிதரைப் பிடித்து வாகனத்தில் ஏற்றினால் என்ன ஆவார்? தொண்ணூறில் ஏற்றியது போதாதா? உன் கொப்பிகளையெல்லாம் புரட்டினேன். தங்கச்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு தினமும் பாணும் பிளேன்டீயும் கொண்டுபோய்க் கொடுத்து, மருந்துக் குளிசையை விழுங்கவைத்துவிட்டு வருவேன். நீ மௌத்தானதைச் சொல்லவில்லை. சொன்னால் வருத்தம் கூடிவிடும் என்று நானே முடிவெடுத்தேன். ஒருநாள் கோப்பையை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"மிஸ்ஸுக்கு ஒரு கோப்ப கொண்டு வரல்லயா தங்கச்சி?"

"மிஸ் லீவுல, நானா."

"லீவா? மௌத்தாகிட்டன் எண்டு அவவே வந்து செல்லிட்டா. நீங்க என்னத்துக்குப் பொய் செல்றீங்க?"

பிளேன்டீ என் காலில் கொட்டியது. சுட்டதே தெரியவில்லை. கரைக்கு மீன் வாங்க வந்தவர்கள் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாகனம் வர மூன்று நாள் இருந்தது. அன்று காலை அவர் வாடி வாசலிலேயே நின்றார். "கெதியா வாங்க, தண்ணி ஏறுது" என்று முன்னால் நடந்தார். காற்றில்லை. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. ஈர மணலில் எழுதியிருந்தது:

கனமூலை. தும்பு மில்லுக்குப் பின்னால். ஈரப்பலா மரத்து வீடு.

கீழே இரண்டு கோடு.

எழுத்தைச் சுற்றி மணல் வழுவழுவென்று கிடந்தது. ஒரு காலடியும் இல்லை. காலடிகளை அலை அழித்திருக்கும் என்று நினைத்தேன். எழுத்தை மட்டும் ஏன் விட்டது என்று நினைக்கவில்லை.

"யார் நானா இத எழுதின?"

"முதல்ல வாசிங்க. வாசிச்சாத்தான் அழிக்கலாம்."

சத்தமாக வாசித்தேன். அவர் காலால் அழித்தார். சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்து, சரி என்பதுபோலத் தலையாட்டினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, மகள். பயம் தீர ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே றோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் மனதைத் தேற்றிக்கொண்டேன். நீ முன்பு அவரிடம் சொன்ன ஊரை ஞாபகம் வைத்து அவரேதான் எழுதியிருக்கிறார். கோடு இழுப்பதையும் உன்னைப் பார்த்துப் பழகியிருக்கிறார். வேறென்ன?

தும்பு மில் இருந்தது. ஈரப்பலா மரம் இருந்தது. கதவைத் திறந்தவளுக்கு அவருடைய மூக்கு. கடலோடு போய்விட்டார் என்று நானாவுக்கு வருஷா வருஷம் கத்தம் ஓதிக்கொண்டிருந்தாளாம். அன்று பின்னேரமே நிரோஷா மிஸ்ஸோடு வாடிக்கு வந்தாள். நானா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி, கிழவியாகிட்டியே!"

"நீங்க மட்டும் புது மாப்பிளையா?" அழுதுகொண்டேதான் கேட்டாள்.

அவள் படிவத்தில் கையெழுத்து வைத்து முடியும்வரை அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாகனம் வரவில்லை. இப்போது ஈரப்பலா மரத்து வீட்டில் முன்னறையில் படுக்கிறார். ஊசி போடும் நாளில் நாங்கள் இரண்டு பேரும் கூட்டிப் போகிறோம். வெள்ளிக்கிழமை கரைக்கு வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறார். வந்தால், பக்கத்தில் உனக்கு இடம் விடுவதுபோல ஒதுங்கி உட்காருகிறார். அங்கே இருக்கிறாயா, மகள்?

இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்கு ஒரு வாக்கு. இனி யார் என்னோடு கதைக்க வந்தாலும் என் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எந்த ஊர், யார், என்ன என்று கேட்பேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு கோப்பை கூடுதலாகக் கொண்டு வருவேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மாவின் தங்கை, வாய் ஓயாத உன் சாச்சி
ஹைருன்னிஸா

பெயரை எழுதி முடிக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. நானாவின் கிளினிக் அட்டையில், கையெழுத்து வைக்கும் இடத்தில் இருப்பது பெருவிரல் அடையாளம். அன்று நீ மைப்பெட்டியைப் பிடித்தாய், நான் அட்டையைப் பிடித்தேன். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது, மகள்.